நாலரை ஆகட்டும்

இந்த ஸ்ட்ரெச்சரின் நான்கு சக்கரங்களில் ஒன்றுக்குப் பூட்டு இல்லை, அதனால் என் வலது பாதத்தை அதன்மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது, எடுத்தால் யாரும் தள்ளாமலே வண்டி மெல்லத் திரும்புகிறது, தரை அந்தப் பக்கம் சரிவு போலிருக்கிறது, திரும்பினால் என் பெண்டாட்டி மயிலாத்தாளின் முகம் சுவரைப் பார்க்கப் போய்விடும், அப்புறம் ஆக்ஸிஜன் மாஸ்க் எனக்குத் தெரியாது. மாஸ்க் தெரிய வேண்டும். அது மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. மங்கிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை என்று நானாகவே முடிவு செய்து வைத்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. விடியும் முன்பே தாராபுரத்திலிருந்து ஆம்புலன்ஸில் கிளம்பி வந்தோம், இப்போது சாப்பாட்டு நேரம் ஆகப்போகிறது, இன்னும் எமர்ஜென்சி வாசலைத் தாண்டி நாலு எட்டுதான் உள்ளே வந்திருக்கிறோம், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில், சுவரோரமாக. எங்களுக்கு முன்னால் ஆறேழு ஸ்ட்ரெச்சர்கள், எதிர்ச் சுவரிலும் அப்படியே, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் வழி. ஒரு கிழவருக்கு ஸ்ட்ரெச்சர்கூட இல்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, குளுக்கோஸ் பாட்டிலை ஜன்னல் கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள், அவர் அதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறார், யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. சுவர்க் கடிகாரம் எட்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது. வந்தவுடனேயே பார்த்துவிட்டேன், பழக்கம், முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் கண்ணுக்கு முதலில் கடிகாரம்தான் படும். செக்யூரிட்டியிடம் சொன்னேன். "ஓடுதே, அதுவே பெருசுங்க பெரியவரே," என்றான். சரிதான். இதைப் போய் அவனிடம் எதற்குச் சொன்னேன். மயிலா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைத் திருத்தச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன், என்ன மனுஷன் நான்.

டாக்டர் பெண் சின்ன வயசு, என் மகள் சுகந்தியைவிடச் சின்னவள், தலையைக் குனிந்தபடியே பேசினாள், நெஞ்சு ரெண்டு பக்கமும் சளியும் நீரும் கட்டியிருக்கிறது, இந்த ஆக்ஸிஜன் போதாது, மேலே ஐ.சி.யூ.வில் மெஷினில் போட்டால் மூச்சை அது பார்த்துக்கொள்ளும், இவர்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்றாள். ஓய்வு. அந்த வார்த்தை என்னமோ செய்தது. மூச்சு விடுவதே வேலையாகிவிட்ட ஒருத்திக்கு ஓய்வு. "அப்பப் போலாங்களே," என்றேன். "பெட் இல்லீங்கய்யா. ஐ.சி.யூ.ல ஒருத்தர் வார்டுக்குப் போக ரெடியா இருக்காரு. வார்டுல ஒரு பெட் காலியாகணும், அதுல இருக்கறவங்க டிஸ்சார்ஜ் ஆகிக் கிளம்பினாப் போதும், இவரு அங்க போவாரு, நீங்க மேல போலாம்." இவ்வளவுதானா என்று எனக்கு முதலில் ஒரு நிம்மதிகூட வந்தது. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், ஹாரன் அடிப்பார்கள், பயணிகள் இறங்கி வந்து என்னைத் திட்டுவார்கள், வாசல் சின்னது, போலீஸ் சரியில்லை, எல்லா ஜனமும் இன்றைக்கேதான் கிளம்பணுமா என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் வாசலைத் திரும்பியே பார்க்க மாட்டேன். நேராக உள்ளே போவேன். அங்கே பொள்ளாச்சி வண்டி ஒன்று நேரம் முடிந்தும் கிளம்பாமல் நிற்கும், டிரைவர் டீக்கடையில் இருப்பான், அதற்குப் பின்னால்தான் அத்தனை கூட்டமும். இங்கேயும் காலையிலிருந்து ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மாவுக்கட்டுக் காலோடு படுத்திருக்கிறவனின் அண்ணன் சொல்கிறான், இருமல் தும்மலுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு வந்துவிடுகிறார்களாம். செக்யூரிட்டி சொல்கிறான், ஒரு நோயாளிக்கு ஒன்பது பேர் கூட வருகிறார்களாம். சிஸ்டர் லிஜி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் முடிகிறவரை வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கே தள்ளிவிடுகிறார்கள் என்று, சொல்லிவிட்டு எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். அவள் சொன்னது எங்களைத்தான். தாராபுரத்து நர்சிங் ஹோமில் மூன்று நாள் "சரியாயிடும், சரியாயிடும்" என்றார்கள், நாலாம் நாள் இருட்டோடு எழுப்பி "கோயமுத்தூர் கொண்டு போயிருங்க" என்றார்கள், அந்த டாக்டர் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்றார், அவர் முகத்தில்தான் முதன்முதலில் பயத்தைப் பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாமே காரணம்தான். ஆனால் எனக்கு உள்ளே நிற்கிற வண்டியைப் பார்க்க வேண்டும்.

கழிப்பறைப் பக்கம் போகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, சக்கரத்தின்மேல் கொஞ்ச நேரம் கால் வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் படியேறினேன். டிஸ்சார்ஜ் ஆக வேண்டியவர்கள் மூன்றாம் மாடி, கடைசி அறை என்று வார்டு பாய் சொன்னான். ஏறும்போதே மனசுக்குள் பேசிக்கொண்டு போனேன், கடுமையாகப் பேச வேண்டும், கீழே ஒரு பொம்பளை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் நல்லாகி உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இது நியாயமா என்று கேட்க வேண்டும், குரலை உயர்த்தக்கூடத் தயாராக இருந்தேன். அறைக்குள் எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தது. பிளாஸ்க், தலையணை, இரண்டு கட்டைப் பைகள், ஒரு மேஜை விசிறி. கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் ஆன பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி, தலை சீவி, கல்யாணத்துக்குக் கிளம்பினவர்போல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகன், பெயர் நடராசு என்றான், அவினாசிப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறானாம், என்னைக் கண்டதும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். "உக்காருங்கண்ணா. பில்லு விசயமா வந்தீங்களா?" இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். குரல் உயரவில்லை, நாற்காலியைக் கொடுத்துவிட்டவனிடம் எப்படி உயர்த்துவது. அவன் முகம் வாடித்தான் போனது. "அடடா. எங்களுக்கும் கெளம்போணும்னுதானுங்கண்ணா. நேத்து சாயங்காலமே போகச் சொல்லிட்டாங்க. அப்பறம் இன்சூரன்ஸ்ல ஓக்கே ஆகோணும்னாங்க, அது ஆகறப்ப ராத்திரி ஒம்பது. ஆஸ்பத்திரில இருந்து ராத்திரில கூட்டிட்டுப் போறதுங்களா? காலைல கெளம்பலாம்னா இன்னிக்குச் செவ்வாக்கெழமை. ஒம்பதுல இருந்து பத்தரை எமகண்டம். பத்தரைக்கு மேல கெளம்பலாம்னா டாக்டரு கட்டுப் பிரிச்சுப் பாக்கோணும்னு பன்னண்டு பண்ணிட்டாரு. பன்னண்டுல இருந்து ஒண்ணரை குளிகை." பெரியவர் கட்டிலிலிருந்து சொன்னார், "குளிகைல போனா மறுக்காவும் இங்கயேதான் வருவோம்." "ஆமாங்க," என்றேன். நான்தான் சொன்னேன். "குளிகைல பண்றது திரும்பத் திரும்ப நடக்குமுங்க, சாவு, ஆஸ்பத்திரி எதுவும் அதுல வெச்சுக்கக் கூடாதுங்க." பெரியவர் என்னை அன்போடு பார்த்தார். "செவ்வாக்கெழம போறதே மனசில்லீங்க," என்றான் நடராசு, "ஆனா நாளைக்குக் கரிநாளு, நாளன்னிக்கு அஷ்டமி, அதுக்கப்பறம் நவமி. அதனால ஒண்ணரைக்கு மேல, மூணுக்கு முன்னால, ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள கெளம்பிருவோமுங்க. உங்க வாட்ச்ல மணி என்னங்கண்ணா? என் போன்ல சார்ஜ் இல்லை." பார்த்துச் சொன்னேன். ஒன்றரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. சண்டை போடப் போனவன், உட்கார்ந்து நேரம் சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த ஒரு கமலா ஆரஞ்சை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஆரஞ்சு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது, குனியும்போதெல்லாம் நெஞ்சில் முட்டுகிறது. ஒன்றரை ஆகிவிட்டது. இப்போது கிளம்பியிருப்பார்கள். கார் வரவேண்டும் என்று சொல்லியிருப்பார்கள், கார் வந்திருக்கும், டிரைவர் டீ குடிப்பான். மருந்து வாங்கக் கீழே போயிருப்பான் நடராசு, மருந்துக்கடையில் கூட்டமிருக்கும். லிஃப்டில் இடமிருக்காது. வண்டி கிளம்புவதற்கு முன் நடக்கும் எல்லாவற்றையும் மனசுக்குள் நானே ஒவ்வொன்றாக நடத்தி முடித்துவிட்டு, விசில் ஊதிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுகந்தி போன் செய்தாள். ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாளாம், சேலம் தாண்டவில்லை. "பெட்டு கெடைச்சுதாப்பா?" "கெடைச்சுரும்." "கெடைச்சுரும்னு காலைலயும் சொன்னீங்க." "இப்ப நெசமாவே கெடைச்சுரும், மேல போய்ப் பாத்துட்டே வந்தேன்." "அம்மாகிட்டக் குடுங்க." மாஸ்க்கை எடுக்கக் கூடாது என்றேன், போனை மயிலாவின் காதருகே வைத்தேன், அவள் எதையோ கேட்டுத் தலையை ஆட்டினாள், போனில் தலையாட்டினால் அந்தப் பக்கம் என்ன தெரியும். மாஸ்க் மங்குகிறது, தெளிகிறது. முன்பைவிட வேகமாக மங்குகிறதோ. இல்லை, நான் உற்றுப் பார்ப்பதால் அப்படி. அவளுடைய விலாவுக்கு நடுவில் ஒரு குழி விழுந்து விழுந்து எழுகிறது, காலையில் அது இவ்வளவு ஆழமாக இருந்ததா, பார்த்த ஞாபகம் இல்லை, காலையில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துப் பக்கம் ஒரு நரம்பு. இதே போல ஒரு நரம்பு பையன் மாதேசுவுக்கும். வேண்டாம். அந்த நினைப்பு இங்கே வேண்டாம். இங்கே டெட்டால் வாசனை, ஈரத் துடைப்பம், எதிரே குழந்தைக்கு நெபுலைசர் வைக்கிறார்கள், அது புகையைப் பார்த்துச் சிரிக்கிறது. வாசலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று ஆளை இறக்க முடியாமல் நிற்கிறது, இறக்குவதற்கு ஸ்ட்ரெச்சர் இல்லை, ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றின் மேலும் நாங்கள் இருக்கிறோம். அவர்கள் எங்களைச் சபிப்பார்கள். நான் நடராசுவை. நடராசு டாக்டரை, டாக்டர் இன்சூரன்ஸ்காரனை. இப்படியே எங்கேயாவது போய் முடிகிறதா என்றால் முடிவதில்லை. கிளம்பாத வண்டியின் டிரைவரிடம் போய்க் கேட்டால், கண்டக்டர் வரலை என்பான், கண்டக்டர், கலெக்சன் எண்ணி முடியலை என்பான், கலெக்சன் எண்ணுகிறவர், சில்லறை வரலை என்பார்.

ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைத்தபோதே வாசல் வழியாகப் போனார்கள். முதலில் மேஜை விசிறி, அப்புறம் சக்கர நாற்காலியில் வெள்ளைச் சட்டைப் பெரியவர், மடியில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு. நடராசு என்னைத் தேடிக் கையைத் தூக்கினான். "கெளம்பிட்டோமுங்கண்ணா. உங்குளுக்கும் நல்லதே நடக்குமுங்க." என் வாட்சில் இரண்டரை. அவர்கள் கணக்குக்கு ஒன்றும் குறைவில்லை, சரியான நேரத்தில் எடுத்துவிட்டார்கள் வண்டியை. இனிமேல் மேலே கட்டிலைத் துடைக்க வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், ஐ.சி.யூ. ஆளை இறக்க வேண்டும், அங்கேயும் துடைக்க வேண்டும். மூன்றுக்குள் ஆகுமா. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆகட்டுமே, ஆகாமல் போகட்டுமே, மூன்றானால் என்ன, மூன்றேகாலானால் என்ன. எனக்கு இதிலெல்லாம் ஒன்றும் கிடையாது, பஸ் ஸ்டாண்டில் ராகுகாலத்திலும் வண்டி கிளம்பும், எமகண்டத்திலும் கிளம்பும், முப்பத்தொரு வருஷம் எல்லா நேரத்திலும் விசில் ஊதியவன். மயிலாவுக்குத்தான். காலண்டர் தாளைக் கிழித்ததும் அவள் முதலில் பார்ப்பது தேதியை அல்ல, கீழே கட்டம் போட்டிருக்கிற நேரங்களைத்தான். முன்பு அப்படியில்லை. முன்பு வெள்ளிக்கிழமை விளக்கு, அவ்வளவுதான். மாதேசுவுக்கு அப்புறம்தான். சரி, வருகிறாயானால் வா, வந்துவிட்டுப் போ. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், காய்ச்சல், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள், திருப்பூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பது தாண்டி ஐந்து நிமிஷம். "பத்தரை ஆகட்டுங்க, ராகுகாலத்துல பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வேண்டாம்," என்றாள். "நேரமாவது காலமாவது," என்று அவனை நான்தான் தோளில் சாய்த்துக் காரில் ஏற்றினேன். அவன் சிரித்தான், "அம்மா, அப்பா டைமுக்கு வண்டிய எடுத்துட்டாரு," என்றான். மூன்றாம் நாள். அங்கே டாக்டர் சொன்னார், ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் பின்னால் வந்திருந்தாலும் இதேதான் என்று. நான் அதை மயிலாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் "ஆமாங்க" என்பாள். இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், தீர்ந்திருக்கும். காலண்டர் தாளைக் கிழிக்கும் சத்தம் மட்டும் தினமும் கேட்கும்.

"அப்பா." சிஸ்டர் லிஜி. எல்லா வயசான ஆளையும் அவள் அப்பா என்கிறாள், மலையாளம் கலந்த தமிழ், அப்பா என்னும்போது கொஞ்சம் நீளும். "அப்பா, ஐ.சி.யூ. பெட் ரெடியாயி. அம்மாவை இப்ப ஷிஃப்ட் பண்ணலாம். சாமானெல்லாம் எடுத்துக்கோங்க." பின்னாலேயே வார்டு பாய் சின்ன ஆக்ஸிஜன் உருளையோடு வந்தான். நான் சக்கரத்திலிருந்து காலை எடுத்தேன். வண்டி மெல்லத் திரும்பியது, மயிலாவின் முகம் சுவரைப் பார்க்கப் போனது, அந்தச் சுவரில்தான் கடிகாரம். அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். மூன்று தாண்டி ஐந்து நிமிஷம். அவளுடைய கை வந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்தது, இத்தனை நேரம் துணி மாதிரிக் கிடந்த கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம். மாஸ்க்குக்குள் வாய் அசைந்தது, குனிந்தேன், ஆரஞ்சு நெஞ்சில் முட்டியது. "நாலரை ஆகட்டுங்க." "மயிலா." "நாலரை ஆகட்டுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்." கும்பிடவில்லை, கைதான் என்னைப் பிடித்திருந்ததே. மூன்று தாண்டி ஐந்து நிமிஷம், ஒன்பது தாண்டி ஐந்து நிமிஷம். அன்றைக்கும் முள் அதே இடத்தில்தான், அன்றைக்கும் இப்படித்தான் பிடித்தாள், நான் உதறினேன், உதறியபோது அவள் வளையல் ஒன்று கார்க் கதவில் பட்டு உடைந்தது, அந்தத் துண்டை மாதேசு பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனான், அதை யாரும் அப்புறம் தேடவில்லை, அது எங்கே போயிருக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலா, அவன் சட்டைப் பையிலா, அந்தச் சட்டையை என்ன செய்தோம். "அப்பா?" என்றாள் லிஜி. "கொஞ்சம் நேரம் ஆகட்டுங்களா," என்று என் வாய் சொன்னது. அவள் கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், மயிலாவைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, இது அவளுக்குப் புதிதல்ல. "ராகுகாலமா?" தலையாட்டினேன். "அப்பா, பெட்டைப் பிடிச்சு வெக்க முடியாது. வெளியில ஆம்புலன்ஸ் நிக்குது." டாக்டர் பெண்ணும் வந்துவிட்டாள். "ஐயா, அவங்க களைச்சுப் போயிட்டாங்க. ஒன்றரை மணி நேரம் தாங்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க சொன்னாப் போதும், நான் கூட்டிட்டுப் போயிடறேன்." நான் சொன்னால் போதும். ஒரு விசில். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கடிகாரம் எட்டு நிமிஷம் முந்தி ஓடுகிறது. மூன்று ஆகவில்லை, இன்னும் மூன்று ஆகவே இல்லை. "மயிலா, அது தப்பாக் காட்டுது, எட்டு நிமிசம் முந்திப் போவுது, காலைலயே பாத்தேன், இன்னும் ராகுகாலம் பொறக்கலை." அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பரின் பெண்டாட்டி, நேர விஷயத்தில் என்னை நம்புவாள், இதில் மட்டும் நம்புவாள். "காட்டுங்க," என்றாள். வாட்ச் அவள் பிடிக்குள் இருந்தது. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது, வலிக்காமல், உதறாமல், சுண்டுவிரல், மோதிர விரல், அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கை ஒரு குழந்தையைப் போல அடம் பிடித்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று மணி தாண்டி ஒரு நிமிஷம். நான் கார்க் கதவையும் வளையல் துண்டையும் நினைத்துக்கொண்டு நின்ற நேரம். பொய் சொல்லியிருக்கலாம். கட்டை விரலால் முள்ளை மறைத்துக்கொண்டு, பார், இன்னும் ஆகவில்லை என்றிருக்கலாம். காட்டினேன். அவள் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, மறுபடி அதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டில் போய்விட்டது. பல்லடம் பக்கம் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த ஒரு ஆள், நாற்பது வயசிருக்கும், பனியனில் பஞ்சுத் துகள், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே நேராக லிஃப்டுக்குக் கொண்டுபோனார்கள், அவன் மனைவி கூடவே ஓடினாள், செருப்பில்லை, ஒரு நிமிஷம் நின்று யாரிடமும் மணி கேட்கவில்லை. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வாசலில் இப்போது ஆம்புலன்ஸ் இல்லை, கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்து நின்றது. "அடுத்த பெட்டு எப்பங்க?" என்று லிஜியிடம் கேட்டேன். "பார்க்கலாம் அப்பா." டாக்டர் பெண் ஒரு ஊசி போட்டாள், ஆக்ஸிஜனைக் கூட்டி வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவளுக்கு நான் யார். உள்ளே நின்றுகொண்டு கிளம்பாத வண்டி. எனக்குப் பின்னால் ரோடு வரைக்கும் வரிசை. மாவுக்கட்டுக்காரனின் அண்ணன் அவன் பக்கத்து ஆளிடம் சொல்கிறான், மெல்லமாகத்தான், "பெட்டு குடுத்தும் போகலையாமா, நல்ல நேரம் பாக்கறாங்க, இப்படி இருந்தா எப்படிங்க கூட்டம் கொறையும்." ஆமாங்க என்று நானும் சொல்லிக்கொள்கிறேன், உள்ளுக்குள். சுகந்தி மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை, பவானி வந்திருப்பாள். கால் மரத்துவிட்டது, சக்கரத்தின்மேல் வைத்திருப்பது என் காலா வேறு யாருடையதா என்று தெரியவில்லை. மாஸ்க் மங்குகிறது. தெளிகிறது. தெளிந்தபடியே கொஞ்சம் இருக்கிறது, நான் எழப்போகும்போது மங்குகிறது. ஆரஞ்சை எடுத்து உரிக்கலாமா, வாசனையாவது அவளுக்குப் போகும், மாஸ்க்குக்குள் எப்படிப் போகும். நான் பொய் சொல்லியிருந்தால், மேலே போய் அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அப்போது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இங்கேயே ஏதாவது ஆனால் அதுவும் எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் நான்தான் நிற்கிறேன், கையில் விசிலோடு. சுவர்க் கடிகாரம் நாலரையைத் தொட்டபோது நான் நம்பவில்லை, என் வாட்ச் அவளுடைய பிடிக்குள்ளேயே இருந்தது, மனசுக்குள் எட்டு நிமிஷத்தைக் கழித்துக்கொண்டு காத்திருந்தேன், இந்த எட்டு நிமிஷத்தையும் அவளுக்குச் சரியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று. அப்புறம் அவளே கண்ணைத் திறந்தாள். "ஆச்சுங்களா." அந்தக் குரலில் சத்தம் இல்லை, உதடுதான். "ஆச்சு மயிலா." "வாட்ச்ல?" "வாட்ச்லயும் ஆச்சு." அவள் முகத்தில், மூன்று நாளாக நான் பார்க்காத ஒன்று, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும்போது வருகிற ஒரு தெளிவு, அது வந்தது. பிடியை விட்டாள். மணிக்கட்டில் நாலு விரலும் பதிந்திருந்தன, வாட்சின் பட்டைக்கு இரண்டு பக்கமும். "அப்பப் போலாங்க," என்றாள். எழுந்தேன், வலது காலை ஊன்ற முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன், முன்னால் ஆறேழு ஸ்ட்ரெச்சர், பின்னால் வாசல், வாசலில் ஆம்புலன்ஸ். எழுந்து நிற்கத்தான் இடமிருந்தது. நின்றேன்.